புதன்கிழமைக்கு இரண்டு யானை

ரங்கூனில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பேரைக் கேட்கிறோமோ இல்லையோ, என்ன கிழமை பிறந்தீங்க என்று கேட்டுவிடுவோம். கிழமை தெரிந்தால் ஆளைப் பாதி தெரிந்த மாதிரி. நான் சனிக்கிழமை. சனிக்கிழமைக்காரிக்கு வாய் அடங்காது, மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் அம்மா வழிப் பர்மாக்காரர்கள் சொல்வார்கள். அப்பா வழித் தமிழர்கள் அவ்வளவு நீட்டி முழக்குவதில்லை, "சனியனே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் சரியாகத்தான் சொன்னார்கள்.

கிழமை கேட்டதும் முகம் வெளுத்துப்போன ஒரு மனுஷியை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே வெள்ளைக்காரி, அதற்கு மேலும் வெளுத்தார்.

அவர் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்த பேராசிரியை. அறுபதை நெருங்கிய வயது. தொண்ணூறுகளின் பின்பாதியில், எங்கள் ஊர்க் கல்லூரிகளை மூடிப்போட்டிருந்த சமயத்தில், தியானம் பழக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற விசாவில் வந்தார். தியான மடத்தில் வாயைத் திறக்கக்கூடாது. சில மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, இனி முடியாது என்று வெளியே வந்து, நான் முன்மேஜையில் வேலை பார்த்த சின்ன விடுதியில் அறை எடுத்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கே வகுப்பு இல்லை, இந்த அம்மா இங்கே வந்து யாருக்குப் பாடம் எடுக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். டீச்சரம்மா என்கிற மாதிரி, பர்மிய மொழியில் ஸயாமா என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஞீமா என்றார், தங்கச்சி என்று அர்த்தம். எங்கள் பேச்சு அரைகுறை பர்மியமும் அரைகுறை இங்கிலீஷும். இங்கே தமிழில் எழுதும்போது இரண்டு பேரும் கொஞ்சம் புத்திசாலிகளாகத் தெரிவோம், என்ன செய்வது.

விடுதிக்கு வருகிறவர்களை ஷ்வேடகோன் பயாவுக்கு, அதாவது எங்கள் ஊர்ப் பெரிய புத்தர் கோவிலுக்கு, கூட்டிப்போவதும் என் வேலைதான். வெயில் இறங்கின நேரத்தில் போனோம். அந்த நேரத்தில் அங்கே காலடியில் பளிங்குத் தரை இதமாகச் சுடும், பொன் கோபுரத்தின் வெளிச்சம் ஆட்கள் முகத்தில் எல்லாம் படிந்திருக்கும், யாரும் வேகமாக நடக்க மாட்டார்கள். கோபுரத்தைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சன்னிதி, அதற்கு ஒரு மிருகம். சனிக்கிழமைக்கு நாகம். அவரவர் கிழமைச் சன்னிதியில் சின்னக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். ஸயாமாவுக்குத் தேதி தெரியும், கிழமை தெரியவில்லை. படிக்கட்டில் பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த மனுஷர் புரட்டிப் பார்த்துப் புதன் என்றார். அப்புறம் தலையைத் தூக்காமலே, "மத்தியானத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார்.

புதன்கிழமைக்கு மட்டும் இரண்டு யானை உண்டு. மத்தியானத்துக்கு முன்னால் பிறந்தவர்களுக்குத் தந்தமுள்ள யானை, தெற்கே. பின்னால் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை, வடமேற்கே. இது பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தான் எந்த யானை என்று தெரியாத புதன்கிழமைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார் ஸயாமா. அப்போதுதான் அந்த வெளுப்பு.

தெற்கு யானையிடம் ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டார். ஊற்றவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, என் நாகத்தைத் தாண்டி, வியாழக்கிழமை எலியைத் தாண்டி, வடமேற்கு யானை வரைக்கும் தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி நடந்தார். அங்கேயும் ஊற்றவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டுக்கும் பாதிப்பாதி ஊத்திட்டு வாங்க ஸயாமா! எவன் கேக்கப்போறான்?"

"நான் இரண்டு தடவையா பிறந்தேன்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய் ஒரு பூச்செடித் தொட்டியில் கொட்டினார். படித்தவர்களோடு கோவிலுக்கே போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடுதி வாசலில் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். பெரிய யுத்தத்தில் பிரான்ஸ் ஜனங்கள் சட்டி பானையோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த கோடைக்காலம். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆசிரமத்தின் வாசலில் ஒரு பச்சைக்குழந்தையை யாரோ விட்டுப்போயிருந்தார்கள். சுற்றியிருந்த துணியில் பிறந்த தேதி மட்டும் எழுதின ஒரு சீட்டு குத்தியிருந்தது. பேரும் இல்லை, நேரமும் இல்லை. அங்கேயே வளர்ந்து, அங்கேயே படித்து, பல்கலைக்கழகம் போய், பேராசிரியை ஆகி, முப்பது சொச்சம் வருஷம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பாடம் நடத்தி, இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறார். அந்த ஒரே விஷயம் பிறப்பு.

"தத்துவம் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் சாவைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே கூட்டம் அதிகம். நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்" என்றார்.

"பிறக்கறதுல என்ன ஸயாமா இருக்கு யோசிக்க? பெத்தா பிறக்கறோம்."

"நீ பிறந்தபோது அங்கே இருந்தாய் அல்லவா? ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே இருந்தும் இல்லாத ஒரே ஆள் நீதான். உன் கதையின் ஆரம்பம் எப்போதும் அடுத்தவர் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை."

"இதுக்கா உங்க ஊர்ல சம்பளம் குடுக்கறாங்க?"

"குறைவாகத்தான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள் ஞீமா. சைக்கா ரிக்‌ஷா ஓட்டுகிறவருக்குத் தெரியும். தெருவில் மோஹிங்கா சூப் விற்கிறவளுக்குத் தெரியும். அம்மா வலியோடு கிடந்தாள், மழை பெய்தது, கோழி கூவியது, அப்போது நான் வந்தேன் என்று சொல்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. தேதி எழுதத் தெரிந்தவளுக்கு நேரம் எழுத முடியாதா? அவ்வளவு கூட அக்கறை இல்லை. எனக்கு இந்த வயதிலும் அது வலிக்கிறது" என்றார். அழுதால் கூடப் பரவாயில்லை, அழாமல் சொன்னதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் செய்த ஆராய்ச்சி அதுதான். காலையில் எழுதுவார். சாயங்காலம் தெருவில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் பிறந்த கதை கேட்பார். ஜனங்களும் அலுக்காமல் சொன்னார்கள். மத்தியானத்தில் ஊரே உறங்கும்போது அவரும் சாய்வுநாற்காலியில் உறங்குவார். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, யாரோ எழுப்புவதற்காகக் காத்திருக்கிற குழந்தை மாதிரி இருப்பார். நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைப்பேன்.

அந்த வருஷம்தான் நான் உண்டாகியிருந்தேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்துபோயிருந்தது. அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை, என் வயிற்றிடம் கூட மெதுவாகத்தான் பேசினேன். வெளியே தெரிய ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, தின்கன்ஜூன் என்கிற பேட்டையில் எங்கள் வீட்டோடு இருந்துவிட்டேன். ஸயாமா பஸ் ஏறி, அந்தக் கூட்டத்தில் நசுங்கி, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார். பக்கத்தில் உட்கார்ந்து என் வயிற்றையே பார்ப்பார். இத்தனை வருஷம் பிறப்பைப் பற்றி எழுதினவர் ஒரு பிரசவத்தையும் நேரில் பார்த்ததில்லையாம். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டில் என் மாமனார் இருந்தார். ஒரு காலத்தில் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம், அப்புறம் பருப்பு வியாபாரத்தில் வந்து நின்றது. பஞ்சாங்கம் பார்க்காமல் பல் கூட விளக்க மாட்டார். குடும்பத்தில் பிறந்த அத்தனை பேர் ஜாதகமும் மஞ்சள் தடவி, பெட்டியில் அடுக்கியிருக்கும். பர்மாக்காரி வயிற்றுப் பெண் என்று என்னை மருமகளாக எடுக்கத் தயங்கினவர்தான், என் ஜாதகம் பொருந்தியதும் வாயை மூடிக்கொண்டார். பிள்ளை பிறக்கிற நேரம் நிமிஷம் பிசகாமல் வேணும் என்பது அவர் பிடிவாதம். "மருத்துவச்சிக்குக் கை ஒழியாது. ஆம்பளைங்க உள்ள வரமுடியாது. ஏம்மா, உன் பேராசிரியரம்மாவைக் கேளேன்? படிச்சவங்க, தப்பு வராது" என்றார்.

நான் கேட்டேன். ஸயாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உன் பிள்ளைக்கு நேரம் இருக்கும். அது இல்லாமல் வளராது. இது என் பொறுப்பு" என்றார். மாமனார் ரேடியோ நேரத்துக்குச் சரிசெய்து தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு, விடுதிக்குப் போகாத பொழுதெல்லாம் எங்கள் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அடிக்கடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துப் பழகுவார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

வலி வந்த நாள் நல்ல மழை. மழை என்றால் தின்கன்ஜூன் மழை. தெருவும் சாக்கடையும் ஒன்றாகி முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் டாக்சி பிடிக்கப் போனவர் போனவர்தான். பக்கத்துத் தெரு மருத்துவச்சி இடுப்பு லோஞ்சியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தாள். மின்சாரமும் போய்விட்டது. பட்டப்பகலில் அறை இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவச்சி டார்ச்சை எடுத்து ஸயாமா கையில் கொடுத்து, "இங்க பிடி, ஆட்டாதே" என்று அதட்டினாள். கடிகாரம் கட்டின கைதான் அது. நாள்? வாரத்தில் ஏழு கிழமை இருக்க, என் பிள்ளைக்குக் கிடைத்தது புதன்.

எனக்கு அந்தப் பொழுது பாதிதான் ஞாபகம். ஓட்டில் மழை விழுகிற சத்தத்துக்குள் நான் எங்கேயோ ஆழத்தில் கிடந்தேன். வலி வரும்போது மேலே வருவேன், போனதும் மறுபடி அமிழ்வேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். இரண்டு தடவை போனது இப்போதும் போய்விடுமோ என்று ஒரே பயம், கண்ணைத் திறந்தால் அது நடந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அப்புறம் என்னிலிருந்து ஏதோ கழன்றது. சத்தமே இல்லை. மழை கூட நின்றுவிட்டது போல இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, அல்லது உடனேயா, எனக்குத் தெரியாது, ஒரு குரல் கீச்சென்று அழுதது.

"பொண்ணு" என்றாள் மருத்துவச்சி.

திரைக்கு வெளியிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "நேரம் என்னம்மா?"

"நேரம்?" என்று மறுபடி கேட்டார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஸயாமா டார்ச்சைப் பிடித்தபடியே நின்றிருந்தார். பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, என் பக்கத்தில் போட்டாகிவிட்டது, அந்தக் கை இன்னும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. கன்னம் எல்லாம் தண்ணீர். மெதுவாக மணிக்கட்டைத் திருப்பினார். உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. எப்போது தாண்டியது, பிள்ளை அதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? பக்கத்து மடத்தில் உச்சிவேளைக்கு மணி அடிப்பார்கள், அது கூட அந்த மழையில் எங்களுக்குக் கேட்கவில்லை.

"நான் பார்க்கவில்லை" என்றார்.

எனக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ! "கண்ணு என்ன பொடனியிலயா இருந்திச்சு? ஒரே ஒரு வேலை, ஸயாமா! ஒரே ஒரு வேலை சொன்னோம்! உலகத்துக்கே பிறப்பு பத்திப் பாடம் எடுக்கறீங்க, ஒரு கடிகாரம் பாக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். பெற்றுப்போட்ட களைப்பில் தமிழும் பர்மியமும் கலந்து கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாம் புரிந்தது.

மாமனார் இறங்கிவந்தார். "போகட்டும், உத்தேசமா ஒண்ணு சொல்லச் சொல்லும்மா. நான் அதை வெச்சுக் கணிச்சுக்கறேன்" என்றார். உத்தேசமாக ஒன்று சொல்லித் தொலைத்தால் முடிந்தது. ஸயாமா தலையை ஆட்டினார். "இவளுக்குப் பொய்யாக ஒரு நேரம் கொடுக்க மாட்டேன்" என்றார். கடிகாரத்தைக் கழற்றித் திரைக்கு வெளியே நீட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார். அவ்வளவு திமிரா என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் கத்தியது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எந்த அம்மாவும் கத்தியிருப்பாள்.

அதற்கப்புறம் வரவில்லை. விடுதியில் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை, எழுதுவதும் இல்லை என்று அங்கே வேலை செய்தவள் வந்து சொன்னாள். மாமனார் பெட்டியைத் திறப்பார், பிள்ளையைப் பார்ப்பார், பெட்டியை மூடுவார். நான் பாலூட்டிக்கொண்டே அரைத்தூக்கத்தில் யோசிப்பேன். நேரம் போனது போகட்டும், அந்த மனுஷி எப்படி இருக்கிறதோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொள்ளும். தொட்டில் போடுகிற நாளுக்கு வராவிட்டால் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் கதவை உடைப்பேன் என்று சொல்லியனுப்பினேன்.

வந்தார். இளைத்துப்போயிருந்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஓரமாக நின்றுகொண்டு என்னிடம், "நேரம் என்னிடம் இல்லை. மற்றது எல்லாம் இருக்கிறது. சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லுங்க என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் மாமனாருக்குத் தமிழில் சொன்னேன்.

"முதலில் தலைமுடி தெரிந்தது, ஈரமாக, ஒரு சுழியோடு. முகம் தரையைப் பார்த்து வந்து, அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி பக்கவாட்டில் திரும்பியது. இடது காது மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. நீல நிறமாக இருந்தாள். அழவில்லை. மருத்துவச்சி அவள் முதுகைத் தேய்த்தாள். ஒரு கை மூடியிருந்தது, அது திறந்தது, ஒன்றும் இல்லாததைப் பிடித்தது, மறுபடி மூடியது. அப்போது மழை விட்டு வெயில் அடித்தது. தெருவில் நின்ற தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கூரையில் ஏறி ஆடியது. அவள் அழுவதற்கு முன்னால் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். நம் யாரையும் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தாள். மார்பு முதலில் சிவந்தது, அங்கிருந்து நிறம் கைக்கும் காலுக்கும் பரவியது. அப்புறம்தான் அழுதாள். நீ கண்ணை மூடிக்கொண்டே, அம்மா என்று பர்மிய மொழியில் கூப்பிட்டாய்."

நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அது என் பிள்ளை, நான்தான் பெற்றேன், எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. வீட்டுக்காரர் தெருவில் இருந்தார், மாமனார் திரைக்கு வெளியே இருந்தார், மருத்துவச்சிக்கு அது அன்றைய வேலை, அவ்வளவுதான். அங்கே முழுசாகப் பார்த்தவர் ஒரே ஒருத்தர்தான்.

மாமனார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கை திறந்தது சொன்னாங்களே, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா" என்றார்.

ஸயாமா மறுபடி சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். தொட்டிலைப் பார்த்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். என்ன ஸயாமா என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். பாயசத்தைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயாவுக்குப் போகலாம் என்று அவரே கூப்பிட்டார். மழை விட்ட சாயங்காலம். ஈரப் பளிங்கில் கோபுரம் தலைகீழாக விழுந்திருந்தது, நாங்கள் அந்தப் பொன்னின் மேல் நடந்தோம். தெற்கு யானைக்கு முன்னால் வந்ததும் நான் பழைய கிண்டலில், "இப்போ ரெண்டு பேருக்கும் யானை தெரியாது. என்ன செய்யப்போறீங்க?" என்றேன்.

அவர் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டார். "என் அம்மாவும் பார்க்க மறந்திருப்பாள்" என்றார்.

"என்ன?"

"நேரத்தை. அக்கறை இல்லை என்றே இத்தனை வருஷம் நினைத்தேன் ஞீமா. புத்தகத்தில் கூட அப்படித்தான் எழுதினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். எனக்கு இப்போது தெரியும், அப்படிப் பார்க்கும்போது நேரம் பார்க்க முடியாது."

சொல்லிவிட்டு யானையின் மேல் தண்ணீரை ஊற்றினார். இன்னொரு கிண்ணம் மொண்டு, என் பிள்ளையின் விரலைத் தண்ணீரில் தொட வைத்து, அவளுக்கும் ஊற்றினார். அப்புறம் நாங்கள் நாகத்தைத் தாண்டி, எலியைத் தாண்டி, வடமேற்குக்குப் போய் இரண்டாவது யானைக்கும் ஊற்றினோம். ஏன் ஸயாமா, இரண்டு தடவையா பிறந்தீங்க என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. சனிக்கிழமைக்காரி வாயை அடக்கிய நாள் அது ஒன்றுதான்.